துரையின் வெள்ளிப் பறவை

1951 மார்ச், வெள்ளி இரவு.

எழுத வேண்டியவை: 1. பதக்கம் வந்த விதம். 2. அதிலுள்ள நான்கு வகைக் கல். 3. மனைவியின் பயம்.

மலாயாவில், கம்யூனிஸ்டுகள் ரப்பர் காட்டில் எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையைச் சுட்டபோது இந்தப் பதக்கம் அவர் கழுத்தில் இருந்தது. பழைய கல் பதித்த நகைகளைச் சேர்ப்பவன் என்பதால், சீமைக்குக் கப்பலேறும் முன் துரைசாணி என்னிடம் கொடுத்துவிட்டார். அமெரிக்காவின் ஸூனி மக்கள் செய்த வெள்ளிப் பறவை. நீலக்கல், பவளம், சிப்பி எல்லாம் இழைத்துப் பதித்தவை. சிறகோரத்தில் மயிரிழையாய் ஒரு கறுப்புக் கல். அந்த வேலைப்பாட்டைத்தான் நாள்தோறும் வியந்துகொண்டிருந்தேன்.

“செத்தவரு சாமானு வீட்டுல வேணாங்க,” என்றாள் மனைவி.

“சுத்தமாத்தான் இருக்கு.”

“அப்ப தொடைச்சுக் காட்டுங்க லா, வெச்சுக்கலாம்.”

ஈரப் பஞ்சால் துடைத்தேன். கறுப்பு கரைந்து பஞ்சில் சிவப்பாக ஊறியது. அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மேலே இரண்டாவதாக எழுதியது தவறு. கற்கள் மூன்று வகைதான்.