இரண்டு விரல் குறி

அக்கா,

உங்களுக்குத் தமிழ் வாசிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

போன வாரம் தண்ணீர்க் குழாய் போட எங்கள் வீட்டு முன்னால் சாலையைத் தோண்டினார்கள். தாருக்கும் சரளைக்கும் கீழே செங்கல் கிடந்தது. "பழைய கல்லும்மா, பூச்சாடிக்கு அடியில வச்சிக்கிங்க" என்று வேலைக்காரர் ஒன்றைக் கொடுத்தார். திருப்பிப் பார்த்தேன். மூலையில் இரண்டு விரல் குழி. என் குறி. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜப்பான்காரன் என் வீட்டுக்காரரைச் சயாமுக்கு ரயில் பாதை போட அள்ளிக்கொண்டு போன பிறகு, கைக்குழந்தையோடு சூளைக்கு வந்தேன். நீங்கள் வீட்டில் மலாயே பேசும் செட்டிகளின் ஊரான கம்போங் செட்டியிலிருந்து வந்தீர்கள், உங்கள் நகையெல்லாம் அரிசியாகித் தீர்ந்த பிறகு. சாமி பெயர்களைத் தவிர உங்களிடம் தமிழ் அதிகம் இல்லை. என் மலாயும் அரைகுறை. மண் மிதிக்க அது போதுமாக இருந்தது.

யார் அறுத்த கல் என்று தெரிவதற்காக ஈரத்திலேயே ஆளுக்கொரு குறி வைப்போம். உங்களுக்குக் கட்டைவிரல், எனக்கு இரண்டு விரல். முதல் சூளை பிரித்த அன்று, வெந்த கல்லில் என் விரலை வைத்தேன், நுழையவில்லை. என் கல்லை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று எங்களை வேலை வாங்கும் மண்டோரிடம் சண்டைக்குப் போனேன். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "ஆப்பி சுடா மாக்கான்." நெருப்பு தின்றுவிட்டதாம். காயும்போதும் வேகும்போதும் கல் சுருங்கும், குறியும் கூடவே சுருங்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

என் வீட்டு முன்னால் இருக்கும் இதே சாலை அன்று ஜப்பான்காரன் முகாமுக்குப் போகும் மண் சாலை, மழைக்காலத்தில் அதில் லாரிகள் புதைந்தன. உடனே செங்கல் பதிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. குழந்தைக்குக் காய்ச்சல். சீக்கிரம் வீட்டுக்குப் போகும் அவசரத்தில், சரியாகக் காயாத என் கற்களைச் சூளையில் அடுக்கினேன். "பாசா லாகி" என்று தடுத்தீர்கள், இன்னும் ஈரம் என்று. "வெந்தா சரியாயிடும்க்கா" என்றேன். சரியாகவில்லை. உள்ளுக்குள் வெடித்த கற்கள் லாரியின் கீழ் பொடிந்தன. லாரி சாக்கடையில் கவிழ்ந்து ஒரு சிப்பாய் செத்தான்.

மறுநாள் காலை சூளையில் கல் அறுத்த பெண்கள் ஏழு பேரையும் வரிசையாக நிறுத்தினார்கள். எது யார் குறி என்று தெரிந்த மண்டோர் அதற்குள் ஓடிவிட்டார். அதிகாரி கையில் ஒரு கல் வைத்திருந்தான், இரண்டு விரல் குறியோடு. ஒவ்வொருத்தி விரலையும் அதில் வைத்து அழுத்தினான். முதலில் என் கை. குறியின் சொந்தக்காரி நான், ஆனால் என் விரல்கள் விளிம்பிலேயே நின்றுவிட்டன. என்னைத் தள்ளிவிட்டு அடுத்தவளிடம் போனான். உங்கள் விரல்கள் மெலிந்தவை. இரண்டும் உள்ளே போய் உட்கார்ந்தன.

கல் சுருங்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏழு பேருக்கும் அது தெரியும். மற்றவர்களுக்கு என்ன பயமோ, எனக்குத் தெரிந்தது என் பயம்தான். நீங்கள் நினைத்திருந்தால் என்னைக் கை காட்டியிருக்கலாம். என் முகத்தைப் பார்த்தீர்கள். கொட்டகையில் குழந்தை வீறிட்டுக் கொண்டிருந்தது.

"அனாக் நாங்கிஸ். பி காசி சூசு."

குழந்தை அழுகிறது, போய்ப் பால் கொடு. அவ்வளவுதான் சொன்னீர்கள். நானும் போய்ப் பால் கொடுத்தேன். திரும்பி வந்தபோது உங்களைக் கொண்டுபோயிருந்தார்கள்.

உங்கள் செட்டி வழக்கப்படி போகியன்று இறந்தவர்களுக்குப் படைக்கும்போது உங்கள் வீட்டில் பல வருஷம் உங்களுக்கு இலை போடவில்லை. திரும்பி வருவீர்கள் என்று நம்பினார்கள். உங்கள் அம்மா சூளையில் என்ன நடந்தது என்று என்னிடம் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் தெரியாது என்றேன். என்னை நானே வெறுத்துக்கொள்ள எனக்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

நேற்று அந்தக் கல்லைக் கழுவினேன். வயதாகி என் கை வற்றிப்போயிருக்கிறது. விரல்களைக் குழியில் வைத்தேன், இரண்டும் அடிவரை இறங்கின.

"என்னோடது" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

"என்னம்மா?" என்று உள்ளேயிருந்து மகள் கேட்டாள். அந்தக் குழந்தைதான், அக்கா. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.