சட்டைப் பையில் ஒட்டிய வாசனை

அக். 6, திங்கள்
காலையிலேயே புழுக்கம். மந்தைவெளியில் பேருந்து இல்லை, ஷேர் ஆட்டோ. தி. நகர் கடைக்குள் நுழைந்தால் பட்டுப் பிரிவில் நாய். தீபாவளிக் கூட்டத்துக்காக முதலாளி அண்ணாச்சி ஏதோ கம்பெனியிலிருந்து வரவழைத்தது. வெடிமருந்து மோப்பம். பெயர் ரோசி, எட்டு வயது. கண்டுபிடித்தால் குரைக்காதாம். சத்தமில்லாமல் உட்காருமாம்.

மேனேஜர் குமரேசன் (அண்ணாச்சியின் அக்கா மருமகன், எனக்கு வர வேண்டிய நாற்காலியில் ஆறு வருடமாக இருப்பவன்): "நாய்க்கு வயசாயிட்டு. நம்ம சார் மாதிரி." மொத்தப் பிரிவும் என்னைப் பார்த்துச் சிரித்தது. எம்.ஏ. வரலாறு படித்தவன் நான். எழுதி வைக்கிறேன்.

வாங்க: கொசுவர்த்தி, பல்பு, அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து.

அக். 8, புதன்
தூறல். ரோசிக்கு இன்றும் ஒன்றும் கிடைக்கவில்லை. இருந்தால்தானே. ஆனாலும் அவளைக் கயிற்றில் கூட்டிவரும் கம்பெனி ஆள் மணி, கடைசியில் யாரையாவது ஒரு டப்பாவை ஒளிக்கச் செய்து தேடவிடுகிறார். மூடியில் ஓட்டைகள், உள்ளே சிட்டிகை வெடிமருந்து, தானாக வெடிக்காது. உட்கார்ந்தால் பழைய டென்னிஸ் பந்து பரிசு. எதற்கு என்று மணியைக் கேட்டேன்.

"தேடித் தேடி ஒண்ணுமே கெடைக்கலன்னா மன்சு வுட்டுடும் சார். அப்பால தேடற மாதிரி நடிக்கும்."

நாய் நடிக்குமா? நடிக்குமாம். மாலை முழுக்க இதே நினைப்பு.

அக். 9, வியாழன்
நாளை அண்ணாச்சி முன்னால் சோதனை. டப்பாவை ஒளிப்பது நான். இடம் என் இஷ்டம். மணி ஒளித்தால் அவர் கை வாசனையைப் பிடித்தே போய்விடுமாம். "நாளிக்கு கண்டுபுடிக்கலன்னா வேற நாய் இட்டாருவாங்க. இவள கம்பெனி ஷெட்டுல கட்டிப் போட்டுடுவாங்க சார், அவ்ளோதான்."

பல்பு மறந்துவிட்டது.

அக். 10, வெள்ளி
டப்பாவை முதலில் வைத்தது பட்டு அலமாரிக்கு அடியில். பிறகு புத்தி கெட்டது. குமரேசன் மேசை முன் நாய் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்! எடுத்தேன். விற்பனைப் பெண்கள் வந்துவிட்டார்கள். பத்து நிமிடம் சட்டைப் பையிலேயே. அப்புறம் அவன் அறை, மேசை இழுப்பறை.

ரோசி வந்தாள். அலமாரி அடியில் மூக்கை வைத்துத் தயங்கினாள். திரும்பினாள். நேராக வந்து என் முன் உட்கார்ந்தாள். பார்வை என் பையில். பையை உதறிக் காட்டினேன். காலி.

அண்ணாச்சி: "என்னடே இது, ஆளப் பாத்து உக்காருது? சரிப்படாது. வேற நாய் கொண்டாரச் சொல்லு."

கு. சிரித்தான். மணி முகம் செத்துவிட்டது. "எந்திரிடி," என்று கயிற்றை இழுத்தார். அவள் எழவில்லை. தப்பே செய்யாதவள் போல என்னையே பார்த்துக்கொண்டு.

சொல்லிவிட்டேன். அலமாரி, பை, இழுப்பறை, எல்லாம்.

அண்ணாச்சி நம்பாமல் அறைக்குள் விடச் சொன்னார். இழுப்பறை முன் உட்கார்ந்தாள். பந்து! வாலடித்து அறை வாசலில் நின்ற கடைப் பொம்மையின் சேலை சரிந்தது.

"நாய் இருக்கட்டும்டே." என்னைப் பார்க்காமலே இறங்கிப் போனார்.

கு. மட்டும் நின்றான். "எம்மேல அவ்வளவு கோவமா சார்?"

"ஆமாம்," என்றேன்.