அவள் பங்கு

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பிய தராசு உடையாமல் வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடச் சிலேட்டு மாதிரி இத்தனூண்டு இருக்கிறது, இதுவா என் உடம்பைக் குறைக்கப் போகிறது என்று சிரித்தேன். என் மூக்குக்கண்ணாடி இருபத்திரண்டு கிராம். உன் கடிதம் எட்டு. நான் 'ஒரு கைப்பிடி' என்று நினைத்துப் போட்டுக்கொண்டிருந்த சோறு இரண்டு ஆள் சாப்பாடாம். டாக்டர் முட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பத்து கிலோ குறைங்க, வலி தானா போயிடும்"னு சொல்லிவிட்டார். அம்மா போய் ஒரு வருஷமாக ஒற்றை ஆளாய்ச் சமைத்துத் தின்று உப்பியது இது. இனி ஒழுங்காக இருப்பேன். மாமாவுக்கு என் வணக்கம்.

உன் குண்டம்மா

ஜனவரி 22

என் அருமைக் குண்டம்மாவுக்கு,

போனில் கேட்டால் 'நல்லா இருக்கேன்' என்று ஒரே வார்த்தையில் வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதச் சொல்கிறேன். இங்கே பள்ளிச் சீருடை தைக்கிற வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. குறை, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் மூக்குக்கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் நின்றுகொண்டு வேலை பார்ப்பவள் நீ. பட்டினி கிடக்காதே.

அக்கா

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு கிலோ போய்விட்டது. கடை முதலாளியே, "என்னம்மா, பாதி ஆளைக் காணோம்?" என்றார்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், சிரிக்காதே. சோற்றைத் தராசில் நிறுத்து, பாதியை எனக்கு வைத்துக்கொண்டு, மீதியை அம்மாவின் தட்டில் போட்டு எதிரே வைத்துவிடுவேன். பார்த்துக்கொண்டே சாப்பிட்டால் அளவு மனதில் நிற்கும் என்று கடைக்கு வந்த ஒருவர் சொன்னார். போன வாரம் சும்மா அந்தத் தட்டுச் சோற்றைத் திரும்ப நிறுத்துப் பார்த்தேன். வைத்தது நூற்றெண்பது கிராம். அரை மணி கழித்து நூற்று இருபது. ஃபேன் காற்றில் காய்ந்திருக்கும் என்று மறுநாள் ஃபேனை நிறுத்தினேன், மூடி போட்டேன். நூற்றுப் பத்து. எறும்பு இல்லை, பூனை இல்லை. மூடி வைத்தபடியே இருந்தது.

என் இரட்டை தங்காமல் போனதைப் பற்றி அம்மா சொல்வாளே, "கூடப் பொறந்தவ பங்கையும் வயித்துக்குள்ளயே தின்னுட்டு வந்தவ இவ" என்று. வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். இப்போது எதிரே தட்டு வைக்கும்போது அந்தப் பேச்சுதான் காதில் விழுகிறது.

குண்டம்மா

மார்ச் 8

குண்டம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு ஊசியில் நூல் கோக்க வரவில்லை. சூடு ஆறினால் சோறு எடை குறையும். தராசில் பேட்டரி தீர்ந்திருந்தால் வாய்க்கு வந்ததைக் காட்டும் என்கிறார் உன் மாமா. மாற்று. அம்மா வேடிக்கைக்குச் சொன்னதை இத்தனை வருஷம் மனதில் வைத்துக்கொண்டிருப்பாயா? லீவு போட்டுவிட்டு இங்கே வா, நாலு நாள் இரு. அந்தத் தட்டை எடுத்துப் பரண்மேல் போடு.

அக்கா

மார்ச் 29

அக்காவுக்கு,

பேட்டரி மாற்றினேன். ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை வைத்தால் சரியாக ஒரு கிலோதான் காட்டுகிறது. தராசு பொய் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் நான் பாதி பிரிப்பதில்லை. முதலில் அவளுக்கு வைக்கிறேன். மிச்சமிருந்தால் எனக்கு. நாற்பத்திரண்டு வருஷம் பசித்திருந்தவள், நான் எப்படி முந்திக்கொள்வது? என் தட்டை நிறுப்பதைக்கூட விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை கடையில் லென்ஸ் துடைக்கும்போது கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

இதைக் கேள். தண்ணீர்க் கேன் போடுகிறவர் நேற்று மதியம் வந்தார். "உங்க தங்கச்சி வந்திருக்காங்களாக்கா?" என்றார். இல்லையே என்றேன். "ஜன்னல்ல பாத்தேனே. அப்படியே உங்க ஜாடை. கொஞ்சம் பூசினாப்ல இருந்தாங்க." நான் அப்போதுதான் தெருமுனைக் கடையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தேன் அக்கா. வீடு பூட்டியிருந்தது.

எனக்குப் பயமாக இல்லை. அவள் தேறிவருகிறாள் என்று சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

தங்கை

ஏப்ரல் 6

என் கண்ணே,

இதை உன் மாமாவிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது சொல்லாவிட்டால் உன்னையும் இழந்துவிடுவேன்.

வயிற்றுக்குள் நீ யார் பங்கையும் தின்னவில்லை. நீங்கள் பிறந்த அன்று நர்ஸ் இரண்டு பேரையும் நிறுத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு எட்டு வயது. "ரெண்டும் ஒரே எடை, அதிசயம்தான்" என்று அவள் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. உன் கூடப் பிறந்தவள் பதினோரு நாள் இருந்தாள். ஒன்பதாம் நாள் அம்மாவுக்குக் கடும் ஜுரம். அப்பா மருந்துக்கு அலைந்தார். பால் கிண்ணத்தையும் ஸ்பூனையும் என் கையில் கொடுத்து, "ரெண்டு பேருக்கும் மாத்தி மாத்திக் குடு" என்றாள் அம்மா.

நீ வீட்டைப் பிளக்கிற மாதிரி அழுதாய். அவள் அழவே இல்லை. கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பசித்தால்தானே அழும் என்று நினைத்தேன். உன் வாய் மூடுவதற்காக முழுவதையும் உனக்கே கொடுத்தேன். இரண்டு நாள். "ரெண்டு பேருக்கும் குடுத்தியா?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம், "குடுத்தேம்மா" என்றேன்.

அம்மா பிறகு உன்னைக் காட்டி அந்தக் கதையைச் சொன்னபோதெல்லாம் என் வாய் திறக்கவில்லை. உன் மேல் பழி விழுந்தது எனக்கு வசதியாக இருந்தது.

அவள் பங்கை உனக்குக் கொடுத்தவள் நான். நீ பதினோரு நாள் குழந்தை. இதை அந்த மேசையில் உட்கார்ந்து சத்தமாகப் படி. அவளுக்கும் கேட்கட்டும். பிறகு சாப்பிடு.

உன் அக்கா

ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

வெள்ளிக்கிழமை மதியம் படித்தேன், சத்தமாக, ஒரு வரி விடாமல். 'கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்' என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். முடித்து நிமிர்ந்தபோது எதிர் நாற்காலி மேசையிலிருந்து பின்னால் தள்ளி இருந்தது, யாரோ எழுந்து போன மாதிரி.

அன்று அவள் தட்டில் நூற்றெண்பது வைத்திருந்தேன். திரும்ப நிறுத்தபோது ஏறக்குறைய அப்படியே இருந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கும் மறுநாள், அந்தச் சோற்றையும் எடுத்து நானே சாப்பிட்டேன். அழுதுகொண்டே சாப்பிட்டேன். டாக்டரிடமும் போனேன். நன்றாகத் திட்டினார், ஊசி போட்டார். திங்கள் முதல் கடைக்குப் போகிறேன்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. எட்டு வயதுப் பிள்ளை கையில் இரண்டு உயிரைக் கொடுத்தது யார் தப்பு? சத்தியமாகக் கோபம் இல்லை. ஆனால் இந்த வீடு சட்டென்று காலியாகிவிட்டது. எங்கே போயிருப்பாள் என்று யோசித்தால் எனக்கு ஒரே ஒரு இடம்தான் தோன்றுகிறது.

அக்கா, அங்கே வந்தாளா? மறைக்காமல் எழுது.

உன் தங்கை

ஏப்ரல் 21

கண்ணே,

நீ கடைக்குப் போவது கேட்டு மனது குளிர்ந்தது. ஊசி போட்ட இடம் வீங்கினால் வெந்நீர் ஒத்தடம் கொடு. நாளுக்கு மூன்று வேளையும் சாப்பிடு, யாருக்காகவும் நிறுத்தாதே.

வந்துவிட்டாள். சனிக்கிழமை மதியம் தையல் மிஷினை நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்து பார்த்தேன், உட்கார்ந்திருந்தாள். உன் ஜாடைதான். உன் மாமாவுக்குத் தெரியவில்லை. "யாருக்கு இன்னொரு தட்டு?" என்று கேட்டார், "எனக்குத்தான், ஆறட்டும்னு வச்சிருக்கேன்" என்றேன்.

இங்கே தராசு இல்லை, வேண்டவும் வேண்டாம். அவள் பேசுவதில்லை, அழுவதில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். போதும் என்று சொல்லும்வரை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்னும் சொல்லவில்லை.

அக்கா