நெல் அள்ளப் போன பெண்

மாஸ்டர்,

நேற்று வகுப்பில் ஒரு மாணவி, பிழையாக எழுதிய வரி ஒன்றை ரூலர் வைத்துக் கோடிட்டு அடித்தாள். பேனா ரூலரின் மரத்தோடு உரசும் சின்னச் சத்தம்தான். பலகையில் நான் எழுதிக்கொண்டிருந்த வசனம் பாதியில் நின்றுவிட்டது. உம்மை அடக்கம் செய்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டால் நீர் பின்வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுகிறீர். பார்த்துக்கொண்டிருப்பீர்.

நாம் அகதிகளாக வந்து சேர்ந்த இந்த நாட்டில், ஒனிஹங்காப் பள்ளியில் எனக்கு வரலாற்று ஆசிரியர் வேலை கிடைத்தபோது சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். இங்கே பெரிய வகுப்புகளுக்கு வியட்நாம் போரும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டமும் பாடம். யாழ்ப்பாணத்தில் நான் படித்த அமெரிக்கா அடிமைகளை விடுவித்ததோடு சரி. "உமக்கு அமெரிக்கா செத்து நூறு வருசமாச்சு, மாஸ்டர்" என்று என்னையும் மாஸ்டராக்கிச் சிரித்தீர். மன்னாரில் பதினெட்டு வருடம் வரலாறு படிப்பித்தவர் நீர். இந்த நாடு உம்முடைய சான்றிதழைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மங்கரேயில் விமானச் சரக்குக் கொட்டகையில் பெட்டி தூக்கினீர். அப்படியும் லைப்ரரிப் புத்தகங்களை ஒன்று விடாமல் வாசித்துவைத்திருந்தீர்.

சனிக்கிழமைகளில் உம் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் நீர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதுவேன். ஊர் வழக்கப்படி நோட்ஸ். திங்கட்கிழமை நான் அதை வகுப்பில் வாசிக்க, பிள்ளைகள் ஒரு சொல் தவறாமல் எழுதிக்கொள்வார்கள். மற்ற ஆசிரியர்கள் யாரும் அப்படிப் படிப்பிப்பதில்லை. நம் இருவருக்கும் வேறு விதம் தெரியாது.

அமெரிக்கப் படை ஒரு வியட்நாம் கிராமத்தை எரித்த பகுதி வந்த அன்று புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னீர். இரைச்சல் கேட்டு எல்லோரும் காட்டுப் பக்கம் ஓடுகிறார்கள். ஒரு பெண் மட்டும் முற்றத்தில் காயப்போட்ட நெல்லைப் பனையோலைப் பெட்டியில் அள்ளுவதற்குத் திரும்பிப் போகிறாள். வரச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். "இந்த ஒரு பெட்டிதான்" என்கிறாள். அவ்வளவுதான் சொன்னீர். பிறகு எழும்பிப் போய் முகம் கழுவினீர். மன்னாரில் பிறந்தவர் நம் ஊர்ப் பனையோலைப் பெட்டி என்கிறார், யாழ்ப்பாணத்தில் பிறந்த நான் அதை வியட்நாம் என்று எழுதிக்கொண்டேன். எனக்கு என்ன பிடித்திருந்ததோ தெரியவில்லை.

தவணைப் பரீட்சையில் வகுப்பில் பாதிப் பேர் அந்தப் பெண்ணை எழுதியிருந்தார்கள். எங்கள் வரலாற்றுப் பகுதித் தலைவி விடைத்தாள்களைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். கோபமே இல்லை. "அருமையான விவரம். எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். எனக்குக் காது சுட்டது. அன்று பின்னேரமே உம் வீட்டுக்கு வந்தேன். நீர் வேலை முடிந்து வந்து அந்த மஞ்சள் மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை.

"மாஸ்டர், அந்த நெல்லுக் கதைக்கு ஆதாரம் என்ன?"

மேலங்கியைக் கழற்றத் தொடங்கினீர். "ஆதாரம் ஒண்டும் இல்லை. அடிச்சுப்போடும்."

"வரலாற்று மாஸ்டர் கதை எழுதலாமோ?" என்று நான் பகிடிவிட்டேன். பகிடிதான், ஆனால் எரிச்சலும் இருந்தது. என் வேலை போய்விடுமோ என்ற பயமும் இருந்தது.

"ஓம், பிழைதான்" என்றீர். சிரிக்கவும் செய்தீர். அந்தச் சிரிப்பை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. உம்மை அல்ல, என்னை.

அடுத்த நாள் அந்த ஆறு வரிகளையும் ரூலர் வைத்து அடிக்கச் சொன்னேன். வகுப்பு முழுக்க அந்தச் சத்தம். முன்வரிசையில் இருந்த டோங்கா நாட்டுப் பிள்ளை ஒருத்தி மட்டும் பேனாவை எடுக்கவில்லை. "அந்தப் பெண் தப்பினாளா, சார்?" என்று கேட்டாள்.

"அப்படி ஒரு பெண்ணே இல்லை" என்றேன்.

அதன் பிறகும் சனிக்கிழமைகளில் நோட்ஸ் சொன்னீர். புத்தகத்தைத் திறந்துவைத்து, அதில் உள்ளதை மட்டும் சொன்னீர். எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது, பாரும். ஒரு வருடத்துக்குள் கொட்டகையிலேயே நெஞ்சு வலித்து விழுந்தீர்.

செத்த வீட்டில் உம் மனைவி எனக்குத் தேத்தண்ணி தந்துவிட்டுப் பக்கத்தில் இருந்தா. "இவற்ர அக்கா லூர்தம்மா, சண்டைக் காலத்தில ஊரில நெல்லு அள்ளப் போய்த்தான் செத்தவ. இவர் கூப்பிடக் கூப்பிடப் போனவ. அதை ஒருத்தரோடயும் கதைக்கமாட்டார். உங்கட வகுப்புப் பிள்ளையள் அக்காவைப் பற்றி எழுதியிருக்குதுகளாம் எண்டு ஒருநாள் வந்து சொன்னவர். அண்டைக்குத்தான் இந்த நாட்டில அவர் வடிவாச் சாப்பிட்டது."

பரீட்சை நடந்த கிழமை நான்தான் உமக்குப் போனில் சொன்னேன், பிள்ளைகள் உம் நோட்ஸை, அந்தப் பெண்ணையும் சேர்த்து, அப்படியே எழுதியிருக்கிறார்கள் என்று. ஆதாரம் கேட்டு நான் வந்து நின்றது அதற்கு மூன்றாம் நாள்.

இந்த வருடமும் அந்தப் பாடம் வந்தது. கிராமம் எரியும் இடத்தில் என் குரல் தானாக நின்றுவிடுகிறது. அவளை வியட்நாமில் வைத்துச் சொன்னால் பொய். மன்னாரில் வைத்துச் சொல்ல இங்கே பாடம் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு நிற்க, பிள்ளைகள் அடுத்த வரிக்காகக் காத்திருக்கிறார்கள்.

போன கிழமை ஒனிஹங்காவில் டெய்ரி என்கிற மூலைக்கடை ஒன்றில் பால் வாங்கப் போனேன். கல்லாவில் அந்த டோங்காப் பிள்ளை. படிப்பை முடித்துவிட்டாளாம். காசை நீட்டிக்கொண்டே, "நீ கேட்ட அந்தப் பெண் இருந்தாள். அவள் தப்பவில்லை" என்றேன்.

"எந்தப் பெண், சார்?"

எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். "லூர்தம்மா என்று ஒருத்தி" என்றேன். அவள் மரியாதைக்குத் தலையாட்டி மிச்சக் காசைத் தந்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, மாஸ்டர். உம் குசினியில் வைத்து உம்மிடம் கேட்டிருக்க வேண்டிய பெயரை, யாரோ ஒரு கடையில் நின்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.