பெயர்கள் ஓடும்போது

மார்ச் 4

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. போன கடிதத்தில் பாதி, எழுதப் படிக்கச் சொல்லித்தருகிற டீச்சரம்மாவின் கை. இதில் எல்லா எழுத்தும் என் கை. காலையில் உட்கார்ந்தேன், வெயில் ஏறிவிட்டது. உன் அக்கா, "என்னப்பா, கலெக்டர் பரீட்சையா?" என்று கிண்டல் செய்கிறாள். செய்யட்டும்.

'வெறுங்கை' மூன்றாம் பாகம் வெள்ளிக்கிழமை இங்கே வருகிறது. முதல் இரண்டு பாகத்தைப் போல இதற்கும் நீதானே சண்டை மாஸ்டர். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது அக்கா, "அதோ தம்பி பேரு" என்று விரலை நீட்டுவாள். நான் விரலைப் பார்த்துவிட்டு நிமிர்வதற்குள் பெயர் போயிருக்கும். இந்த முறை யாருடைய விரலும் வேண்டாம். முதியோர் வகுப்பு மொத்தத்தையும் கூட்டிப்போகிறேன். எனக்கு இருப்பே கொள்ளவில்லை.

ஆசியுடன்,
அப்பா


மார்ச் 12

அன்பு மகனுக்கு,

நீ சுகமா? நானும் சுகம் என்று எழுத மனம் வரவில்லை.

படம் பார்த்தோம். கோபித்துக்கொள்ளாதே, நன்றாக இல்லை. நாயகன் மாடியிலிருந்து பறந்து வந்து உதைக்கும்போது இடுப்பில் கட்டிய கயிறு தெரிந்தது. பின்னால் ஒருவன், "டேய், கொடியில துணி காயுதுடா!" என்று கத்தினான். தியேட்டரே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் பெயர்கள் ஓடின. எழுந்து நின்று படித்தேன். உன் பெயர் அகப்படவில்லை. நான் ஒன்றை எழுத்துக் கூட்டுவதற்குள் அடுத்தவை மேலே போய்விடுகின்றன. வகுப்பில் இருக்கும் தையற்காரம்மா, "அண்ணே, பையன் பேரு எங்க?" என்று கேட்டாள். "இப்பத்தானம்மா போச்சு, நீ பாக்கலையா?" என்று சமாளித்தேன். டீச்சரம்மாவிடம் தனியாகக் கேட்டேன். "இருந்துச்சே ஐயா, நான் பார்த்தேனே" என்றார். மறுநாள் தனியே போனேன். அதற்கு மறுநாளும் போனேன். என் கண்ணில் படவே இல்லை.

பெற்ற பிள்ளையின் பெயரைப் படிக்க முடியாதவனுக்கு என்ன படிப்பு? வகுப்பை விட்டுவிட்டேன். தெருவில் டீச்சரம்மாவைக் கண்டால் சந்துக்குள் புகுந்துகொள்கிறேன். இதுதான் என் கடைசிக் கடிதம். இனிமேல் போனில் பேசிக்கொள்வோம். இதை அக்காவிடம் சொல்லாதே.

அப்பா


மார்ச் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். வாயால் சொல்ல முடியவில்லை.

உங்கள் கண்ணும் சரி, படிப்பும் சரி. படத்தில் என் பெயர் இல்லை. நான்தான் எடுக்கச் சொன்னேன். நீங்கள் சிரித்த அந்தக் கயிறு என் வேலை. கம்ப்யூட்டரில் அழித்துவிடுவார்கள் என்று சொல்லிப் படமெடுத்தேன். வெளியீட்டு அவசரத்தில் யாரும் அழிக்கவில்லை. முழுப்படத்தையும் போட்டுக் காட்டிய அன்று என்னாலேயே பார்க்க முடியவில்லை. தயாரிப்பாளரிடம், "சார், என் பேர் மட்டும் வேணாம்" என்று கெஞ்சினேன். பத்திரிகைக்காரர்களுக்குத்தான் பயந்தேன். நீங்கள் எழுந்து நின்று தேடுவீர்கள் என்று நினைக்கவில்லை.

டீச்சரம்மா உங்கள் மனம் நோகக் கூடாதென்று சொல்லியிருப்பார். வகுப்புக்குப் போங்கள் அப்பா. சந்துக்குள் ஒளிய வேண்டியவன் நான்.

உங்கள் மகன்


ஏப்ரல் 2

அன்பு மகனுக்கு,

உன் கடிதத்தை யார் உதவியும் இல்லாமல் படித்தேன். படித்து முடித்ததும் துள்ளிக் குதித்தேன். இல்லாத பெயரை இல்லை என்று சரியாகத்தானே படித்திருக்கிறேன்! அக்கா என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது, பிள்ளை தலைகுனிந்து எழுதியதைப் படித்துவிட்டு அப்பன் ஆடுகிறான் என்று. வெட்கமாகப் போய்விட்டது.

வகுப்புக்குப் போகிறேன். "டீச்சரம்மா, நீங்க பார்த்தது எந்தப் படம்?" என்று கேட்டேன். அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

படத்தை இன்னொரு தரம் பார்த்தேன். தியேட்டரில் ஆளே இல்லை. உன் பெயரைத் தேடாததால் மற்றவர்களின் பெயரைப் படிக்க முடிந்தது. 'சண்டை உதவியாளர்கள்' என்று போட்டு ஆறு பேர். அவர்களுக்கு மேலே மாஸ்டர் என்று யாரும் இல்லை. அதில் ஒருவன், தோள்பட்டை எலும்பு விலகி நம் வீட்டில் வந்து தங்கியிருந்த பையன்தானே? நீ விழச் சொன்ன இடத்தில்தானே அவர்கள் விழுந்திருப்பார்கள்? தியேட்டரில் சிரித்த சிரிப்பெல்லாம் அவர்கள் தலையில் விழுந்திருக்கிறது. அதில் என் சிரிப்பும் உண்டு. தங்கள் பெயரை எடுக்கச் சொல்லி அவர்கள் யாரிடம் போய்க் கெஞ்சுவார்கள்?

படம் மோசமாகப் போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அடுத்ததை நன்றாக எடுப்பாய். அவர்களை விட்டுவிட்டு உன் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு நழுவினாயே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. திட்டலாம் என்று உட்கார்ந்தேன், திட்டுகிற அளவுக்கு எனக்கு இன்னும் எழுத வரவில்லை.

இந்தக் கடிதத்துக்குப் பதில் போடாதே. அந்த ஆறு பேரையும் போய்ப் பார். அதற்குப் பிறகு எனக்கு எழுது. அதுவரை தபால்காரர் மணி அடித்தால் நான் எட்டிப் பார்க்க மாட்டேன்.

அப்பா