பன்னிரண்டே நகர்த்தலில்

மெஹர் மாதம், 3

என் கரடி, நீ கண்மூடி இன்றோடு எழுபது நாள். உன் சதுரங்கத் துணியை வெயிலில் உதறினேன். மடிப்பிலிருந்து ஒரு கை பிஸ்தா ஓடு கொட்டியது. தின்றது நீ, என்னிடம் அடி வாங்கியது பூனை. சிரித்துவிட்டேன்.

மெஹர், 7

உன் தங்கை ரூதாபா சேதி கொண்டுவந்தாள். பாக்தாதிலிருந்து ஹம்தூன் என்றொருவர் நம் ரேய் நகரத்துக்கு வந்திருக்கிறாராம். ஆட்டத் தொடக்கத்தில் எதிராளியைப் பாராமல் அவரவர் காய்களை நிறுத்திக்கொள்கிறீர்களே, அந்த அணிவகுப்புகளை எல்லாம், கண்டுபிடித்தவர் பெயரோடு புத்தகமாக எழுதுகிறாராம். உன்னுடையதைக் கம்பளக்கடை மாஹ்யார் தன்னுடையது என்று சொல்லிவிட்டான். வாரம் தவறாமல் உன்னிடம் தோற்றவன். உன் பேரு சொல்ல அது ஒண்ணுதானே இருக்கு — அதுவும் போகணுமா?

மெஹர், 8

மாஹ்யாரையும் அழைத்து வரச் சொல்லி ஹம்தூனுக்கு ஆள் அனுப்பினேன்.

மெஹர், 11

இருவரும் வந்தார்கள். துக்க நாள் முடியாததால் நான் திரைக்குப் பின்னால். ரூதாபா வெளியே துணியை விரித்தாள்.

மாஹ்யார் காய்களை நிறுத்தினான். ரூதாபா ஒவ்வொன்றாக எண்ணினாள். பதினான்கு நகர்த்தல்.

"அச்சு அசலா அண்ணனோடதுதான் அண்ணி" என்று திரையோரம் கிசுகிசுத்தாள்.

எனக்கு ஆடத் தெரியாது. நீ நிறுத்துவதை மட்டும் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல அவள் நகர்த்தினாள். அதே அணி. பன்னிரண்டு.

"ரெண்டு எப்படிம்மா மிச்சமாச்சு?" என்றார் ஹம்தூன்.

"குதிரை கால் வச்சுப் போற கட்டத்தை, அது போன பிறகுதான் ஐயா சிப்பாய் வச்சு அடைக்கணும். இவரு முதல்லயே அடைச்சிட்டாரு, குதிரை ஊரைச் சுத்தி வருது. எங்க வீட்டுக்காரர் காய் நிறுத்தும்போது இவரு தன் காயையே பாத்துட்டு இருந்திருப்பாரு. நிறுத்தி முடிச்சதைத்தான் பாத்திருக்காரு."

வெளியே மாஹ்யார் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம்.

"செத்தும் தோக்கடிச்சிட்டானே என்னை. அவனோடதுதான், எழுதிக்குங்க. மன்னிச்சிரு அக்கா."

நானும் சிரித்துத் திரையைப் பிடிக்க, அது கயிறோடு கீழே வந்தது. ஆண்கள் இருவரும் சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். ரூதாபா சிரித்துத் தரையில் உருண்டாள்.

மெஹர், 12

'ரேய் நகரத்துப் பர்ஸின்' என்று உன் பெயரை எழுதிவிட்டார். அணிக்குப் பெயர் கேட்டார். நீ வைத்ததே இல்லையே. குதிரை போனதும் சிப்பாய் வழியைச் சாத்துகிறதே, 'சாத்திய கதவு' என்றேன். மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டார். காலையிலிருந்து, மாவு பிசையும்போதும் அதையே சொல்லிப் பார்க்கிறேன்.

நீயாக இருந்தால் என்ன பெயர் வைத்திருப்பாய்?