நைனா கை வைத்த எட்டு சிலிண்டர் கார்

தை மாதம், ஞாயிறு

பழைய கார்களில் ஊர் சுற்றுகிறவர்கள் இன்று செஞ்சிக் கோட்டை பார்க்க வந்திருந்தார்கள். அடிவார மைதானத்தில் நின்ற ஒரு கறுப்பு அமெரிக்கக் காரைப் பார்த்ததும் என்னோடு வந்த அப்பா, எங்கள் நைனா, அங்கேயே நின்றுவிட்டார். வாலிபத்தில் பாண்டிச்சேரி முதலாளி ஒருவருக்கு அவர் ஓட்டியதும் அதே கம்பெனி கார்தான்.

காரை ஓட்டி வந்த சென்னை அம்மாள் சிரித்தபடி பக்கத்தில் வந்தார். "இந்தக் கம்பெனி ஒத்த சிலிண்டர்லதான் ஆரம்பிச்சது. இது எட்டு சிலிண்டர்" என்றார்.

"தெரியும்மா, எங்க மொதலாளி சொல்லிக்கினே இருப்பாரு" என்றார் நைனா.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்குறீங்களா ஐயா?"

நைனா கதவில் கை வைத்துவிட்டார். நான்தான் முந்திக்கொண்டேன். "வேணாங்க. வயசாயிடுச்சி, கை நடுங்குது."

அவர் கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார்.

சோறு போடும்போது, "கோவமா நைனா?" என்று கேட்டேன்.

"கோவம் இன்னாத்துக்கு? ஸ்டியரிங்க புடிச்சா நடுங்காதுன்னு நெனச்சேன்."

பயத்தில்தான் அப்படிச் சொன்னேன். ஆனால் மைதானத்தின் மறுபாதி காலியாகத்தான் இருந்தது. அந்த அம்மாளும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். கார்களெல்லாம் சாயங்காலமே திருவண்ணாமலைக்குக் கிளம்பிவிட்டன. அந்த அம்மாளுடைய போன் நம்பரைக்கூட நான் கேட்டு வாங்கவில்லை.